துபாய் கார் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டில் இருந்து ஊர் திரும்புகிறவர்கள் அங்கே ஓட்டிய காரையும் வரியில்லாமல் கொண்டுவர அனுமதி வேண்டும் என்று போன இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் கீழக்கரையில் வீட்டுக்கு ஒரு சபராளி, அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர். பெருநாள் லீவில் வந்தவர்கள் கூடி உட்கார்ந்தால் பாதிப் பேச்சு இதுதான். ஆனால் அவர் கேட்பது கிடைத்தாலும் வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு பயனும் இல்லை. வரி அப்புறம். முதலில் ஸ்டியரிங்.

துபாய், சவுதி, கத்தார் எல்லாம் சாலையின் வலதுபக்கம் ஓட்டுகிற நாடுகள். காரில் ஸ்டியரிங் இடதுபக்கம். நம் இறக்குமதி விதியோ வலதுபக்க ஸ்டியரிங் உள்ள கார்தான் வரலாம் என்கிறது. பழைய கார் என்றால் தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இறக்க வேண்டிய துறைமுகம் மும்பை மட்டுமே. தூத்துக்குடி எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்பதால் அங்கே கண்டெய்னரில் இறக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், முடியாது. மும்பையில் இறக்கிய பிறகும் புனே, அகில்யாநகர் (முன்பு அகமத்நகர்) போன்ற இடங்களில் உள்ள ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அக்கா மகனால். ஷார்ஜாவில் பதினோரு வருடம். முடித்துக்கொண்டு வருகிறேன் என்று போன் செய்தவன், "மாமா, காரைக் கண்டெய்னரில் போட்டுவிட்டேன் என்றால் ஒரு மாதத்தில் நம் வாசலில் நிற்கும்" என்றான். அங்கே ஓர் ஏஜென்ட் அவனிடம் முன்பணமும் வாங்கியிருந்தார். ஸ்டியரிங் இடதுபக்கம் ஆயிற்றே என்று கேட்டதற்கு, "அதை ஊரில் மாற்றிக்கொள்ளலாமாம்" என்றான். எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் சொன்னேன். சிரித்தே விட்டார். ஸ்டியரிங் மட்டுமா, டேஷ்போர்டு, பெடல், வைப்பர், ஏர்பேக் வரைக்கும் இடம் மாற வேண்டும். அத்தனையும் மாற்றினாலும் கார் நாட்டுக்குள் வரும்போதே வலதுபக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

சரி, மலேசியா, சிங்கப்பூர் போனவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லையே என்பீர்கள். உண்மைதான், அங்கே நம்மைப் போலத்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு வரி காத்திருக்கிறது. 2025 பட்ஜெட்டில் பழைய காருக்கான சுங்கம் 125 சதவீதத்தில் இருந்து 70 ஆகக் குறைந்தது என்று வாட்ஸப்பில் பறந்ததே, அதில் பாதிச் செய்திதான் இருந்தது. அதே பட்ஜெட்டில் வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்று 67.5 சதவீதம் சேர்த்துவிட்டார்கள். காருக்கும் விவசாயத்துக்கும் என்ன உறவு என்று என்னைக் கேட்காதீர்கள். மொத்தம் 137.5. முன்பும் கூடுதல் வரியெல்லாம் சேர்த்து அதே 137.5 தான்.

சுங்கத்தில் காரின் மதிப்பு 10 லட்சம் என்று வைப்போம். அதற்கு 13 லட்சத்து 75 ஆயிரம் வரி. இரண்டும் சேர்ந்த 23 லட்சத்து 75 ஆயிரத்துக்கு, பெரிய கார் என்றால் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதாவது 9 லட்சத்து 50 ஆயிரம். ஆக 33 லட்சத்து 25 ஆயிரம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கட்டும் ஆயுள் வரி தனி. அந்த 10 லட்சம்கூட நீங்கள் பேரம் பேசி வாங்கிய விலை அல்ல. அந்தக் கார் புதிதாக விற்ற விலையில் தேய்மானத்தைக் கழித்து சுங்கத் துறையே போடும் கணக்கு. இந்த வரி அநியாயம் என்று அந்த வாசகர் எழுதியிருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

என் அக்கா மகனின் கார் என்ன தெரியுமா? ஹூண்டாய் க்ரெட்டா. கண்ணாடிக்குக் கீழே பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதே மெக்கானிக்கிடம் காட்டினேன். முதல் மூன்று எழுத்தில் விரலை வைத்தார். எம், ஏ, எல். "இது நம்ம ஊர் வண்டி அண்ணே" என்றார். இந்திய ஹூண்டாயின் அடையாளம் அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்து, இடதுபக்க ஸ்டியரிங் வைத்து, கப்பலேற்றி அனுப்பிய கார். அதைத் திரும்பவும் கப்பலேற்றி மூன்று பங்கு பணம் கட்டி இங்கே கொண்டுவரப் பார்த்திருக்கிறான். அதே கார் ராமநாதபுரத்தில் 11 லட்ச ரூபாய் சுற்றில் இருந்து கிடைக்கிறது. போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

பிறகு ஏன் துபாய் நம்பர் வண்டிகள் இங்கே ஓடுகின்றன என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. அவை கார்னெட் என்ற அனுமதிப் புத்தகத்தில் வருகிறவை. காருக்கான பாஸ்போர்ட் மாதிரி. ஆறு மாதம் வரை வைத்திருக்கலாம், பிறகு திருப்பி அனுப்பிவிட வேண்டும். கேரளத்தில் நிறையப் பார்க்கலாம். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்படி ஒரு பெரிய நிசான் பேட்ரோல் கொண்டுவந்தார். அவரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி வரை போனேன். ஏர்வாடி தாண்டி முன்னால் ஒரு உப்பு லாரி. அதை முந்த வேண்டும். அவர் உட்கார்ந்திருப்பது இடது ஓரம், எதிரே வருவது அவருக்குத் தெரியாது. வலதுபக்கம் இருந்த நான்தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வாங்க... இல்லை, இல்லை, பஸ்!" என்று கத்திக்கொண்டே போனேன். வண்டிக்குள் ஏசி குளிர், என் சட்டை நனைந்துவிட்டது. திரும்பும்போது எங்கள் ஊர்ச் சந்தில் சைடு மிரர் சுவரில் உரசிப் போனது. வேறு மிரர் துபாயில் இருந்து ஆள் கையில்தான் வந்தது. அதுவரை டேப் சுற்றி ஓட்டினார்.

நமக்குக் கண்ணெதிரே உள்ள இலங்கையையும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான். அங்கே ரோட்டில் பாதி ஜப்பானில் ஓடிய பழைய கார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை, கார் வெளியில் இருந்துதான் வர வேண்டும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், பழைய காரின் விலை எங்கேயோ போய்விட்டது. சொந்தக் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. நமக்கு அந்த நிலைமை இல்லை. அப்படியும் குறுக்கு வழி தேடி மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாக வந்த கார்களைக் கேரளத்தில் சுங்கத் துறை வீடு வீடாகத் தேடியதை நீங்களும் வெளியிட்டிருப்பீர்கள். வாங்கிய பலரிடம் காரைப் பறிமுதல் செய்தார்கள்.

அரசிடம் ஒன்று கேட்பதானால் நான் வரிச்சலுகை கேட்க மாட்டேன். இந்த விதிகளை நாலு வரித் தமிழில் எழுதி, மதுரை, திருச்சி விமான நிலையத்திலும் வளைகுடாவில் உள்ள நம் தூதரகங்களிலும் ஒட்டச் சொல்வேன். உங்கள் இதழிலும் ஒரு கட்டம் போட்டு வெளியிடலாம். படித்திருந்தால் என் அக்கா மகன் முன்பணம் கொடுத்திருக்க மாட்டான். அந்த ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை.

காரை ஷார்ஜாவிலேயே விற்றுவிட்டான். வந்ததும் இங்கே ஒன்று புக் செய்வதாக இருக்கிறான். கறுப்பு வேண்டுமாம். வெயிலுக்கு வெள்ளைதான் சரி, டெலிவரி எடுத்த அன்றே அடியில் துருத்தடுப்புப் பூச்சு அடித்துவிடு, நம் உப்புக்காற்று அடிப்பக்கத்தைத்தான் முதலில் தின்னும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்