ஷாடோ ஸ்டீவன்ஸை இன்னும் மன்னிக்காதவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாரம்தோறும் அமெரிக்காவின் முதல் நாற்பது பாட்டுகளை வரிசையாகப் போடும் 'அமெரிக்கன் டாப் 40' வானொலி நிகழ்ச்சியின் பழைய நேயர்களுக்கு, அதிலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அமெரிக்காவுக்குப் படிக்க வந்து அந்த நிகழ்ச்சியோடு ஒட்டிக்கொண்ட தமிழ் நண்பர்களுக்கு, வணக்கம்.

உங்களோடு எனக்கு ஒரு பழைய வழக்கு பாக்கி இருக்கிறது. நாம் எங்கே கூடினாலும், அது பொங்கல் விழாவோ யாருடைய பணி ஓய்வு விருந்தோ, பேச்சு வானொலிப் பக்கம் திரும்பியதும் உங்களில் ஒருவர் தீர்ப்பு வாசித்துவிடுகிறார்: "1988 ஆகஸ்ட் 6-ஆம் தேதியோடு நிகழ்ச்சி முடிந்துபோயிற்று. பிறகு வந்ததெல்லாம் பெயருக்குத்தான்." மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். கேசி கேசத்துக்குப் பிறகு அந்த நிகழ்ச்சியை நடத்திய ஷாடோ ஸ்டீவன்ஸின் ஆறரை ஆண்டு உழைப்பு அந்தத் தலையாட்டலோடு கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுப் பொறுத்துவிட்டேன். இனி எழுதினால்தான் சரிப்படும்.

முதலில் கேசி கேசம். அவரைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. பேசினால் நீங்கள் விடவும் மாட்டீர்கள். டெட்ராய்ட்டில் மளிகைக்கடை வைத்திருந்த லெபனான் குடும்பத்துப் பிள்ளை, பிறப்புப் பெயர் கெமல் அமீன் கேசம். 1970 ஜூலை 4-ஆம் தேதி வெறும் ஏழு நிலையங்களில் தொடங்கிய நிகழ்ச்சியை உலகம் முழுவதற்கும் கொண்டுபோனவர். 'பில்போர்டு' பத்திரிகையின் பட்டியலை நாற்பதிலிருந்து ஒன்று வரை வாசிக்கும் வேலைதானே என்று அன்று பலர் நினைத்திருப்பார்கள். அதற்குள் அவர் கதை வைத்தார். விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு பாடகரைப் பற்றிப் பாதிக் கதை சொல்லி, பெயரை மட்டும் விழுங்கிக்கொண்டு போய்விடுவார். சோப்பும் காரும் விற்று முடியும் வரை நாம் காத்திருந்தாக வேண்டும். 1978-இல் நிகழ்ச்சி மூன்று மணி நேரத்திலிருந்து நான்காக நீண்டது. தொலைவில் இருப்பவருக்குப் பாட்டைக் காணிக்கையாக்கும் 'லாங் டிஸ்டன்ஸ் டெடிகேஷன்' என்ற கடிதப் பகுதி வந்ததும் அதே ஆண்டில்தான். நேயர் விருப்பக் கடிதங்களில் ஊரும் பேரும் வரிசையாகக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதில்லை. ஆனால் ஒரே ஒரு கடிதத்தை எடுத்து, முழுதாக வாசித்து, எழுதியவரின் தொண்டை அடைப்பு நம் தொண்டைக்கு வரும்படி செய்து, அப்புறம் பாட்டை விடுவது புதிது.

அந்த வேலையை அவர் எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டார் என்பதற்கு, நீங்கள் சிரித்துச் சிரித்துப் பகிர்ந்துகொள்ளும் அந்த வசைப்பதிவே சாட்சி. செத்துப்போன நாய்க்குட்டிக்காக ஒருவர் எழுதிய கடிதம். அதைத் துள்ளலான ஒரு பாட்டு முடிந்த கையோடு வாசிக்கும்படி தாளில் எழுதியிருந்தார்கள். 1985-இல் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அவர் கொதித்தெழுந்தது நாடாவில் அப்படியே பதிந்துவிட்டது. கெட்ட வார்த்தைகளுக்காக எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதில் கேட்பது ஒரு தொழில்காரரின் நியாயமான கோபம். துள்ளல் பாட்டிலிருந்து துக்கக் கடிதத்துக்கு எப்படித்தான் குரலை இறக்குவது?

சரி, 1988-க்கு வருவோம்.

நிகழ்ச்சியின் உரிமை ஏபிசி வானொலி வலையமைப்பின் கையில் இருந்தது. கேசியின் ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் பேச்சு முறிந்தது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி நிகழ்ச்சிதான் கடைசி. அதில் அவர், தான் போகப்போவதை நேயர்களிடம் சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டுகள் வாரக் கடைசியில் வீட்டுக்குள் வந்து பேசிக்கொண்டிருந்தவர், வழக்கம்போலப் பேசி முடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் வானொலியைத் திருப்பினால் வேறொரு குரல்.

உங்கள் காயம் எங்கே பட்டது என்று எனக்குத் தெரிகிறது. விடைபெறாமல் போனதுதான் உங்களை உறுத்துகிறது. ஆனால் அந்தக் கணக்கை நீங்கள் எழுதி வைத்திருப்பது ஆகஸ்ட் 13-ஆம் தேதி வந்து உட்கார்ந்தவர் பெயரில். மாமியார் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனதற்கு, மறுவாரம் வந்த மருமகளைப் பொறுப்பாக்குவது எந்த ஊர் நியாயம்? கேசியை அவர் தள்ளிவிடவில்லை. காலியான நாற்காலிக்கு அழைத்தார்கள், வந்தார்.

வந்தவர் யாரென்றாவது பார்த்தீர்களா? வடக்கு டகோட்டாவின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர், இயற்பெயர் டெர்ரி இங்ஸ்டாட். சிறுவனாக இருக்கும்போதே உள்ளூர் வானொலியில் மைக் பிடித்தவர். லாஸ் ஏஞ்சலஸின் பெயர்பெற்ற நிலையங்கள் பலவற்றில் வேலை பார்த்தவர். நீங்கள் அவரை 'ஹாலிவுட் ஸ்கொயர்ஸ்' தொலைக்காட்சிப் போட்டியில் ஜோக் அடிக்கிறவராகவும், மின்சாதனக் கடை விளம்பரத்தில் கூச்சல் போடுகிறவராகவும் மட்டும் அறிந்திருந்தீர்கள். 'விளம்பரக்காரனைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்' என்று முத்திரை குத்த அது போதுமானதாக இருந்தது.

இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் இல்லை, சொல்லிவிடுகிறேன். நான் ஒஹாயோவுக்குப் படிக்க வந்தது 1989-இல். எனக்கு அமெரிக்கன் டாப் 40 என்றால் முதலில் ஷாடோதான். அந்த ஆழமான குரலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசும் தோரணையும்தான் எனக்கு அந்த நாட்டின் ஞாயிற்றுக்கிழமை. என் அறையில் இருந்த மூத்தவர் திருநெல்வேலிக்காரர். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் எண்பதுகளின் தொடக்கத்திலேயே வந்து, கேசியைக் கேட்டே ஆங்கில உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டதாகச் சொல்லுவார். ஷாடோவின் பெயரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "தம்பி, உன் ஆள் விற்கிறார். என் ஆள் சொல்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் நான் என்ன பேசுவது?"

இதற்குள் கேசியும் சும்மா இருக்கவில்லை. 1989 ஜனவரியில் 'வெஸ்ட்வுட் ஒன்' நிறுவனத்தோடு சேர்ந்து 'கேசீஸ் டாப் 40' தொடங்கிவிட்டார். 1983 முதலே ரிக் டீஸ் என்ற இன்னொரு வானொலிக்காரரின் வாராந்தரப் பட்டியல் வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஆக, வாரக் கடைசியில் மூன்று பேர் நாற்பதிலிருந்து ஒன்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறையில் அண்ணாச்சியின் பெரிய டேப் ரெக்கார்டர் ஜன்னலோரம், என் சின்ன வானொலி குளிர்சாதனப் பெட்டியின் மேல். அவருடையதில் கேசி, என்னுடையதில் ஷாடோ. ஒரே பாட்டு இங்கே முதலிடம், அங்கே மூன்றாமிடம் என்று வரும். யார் பட்டியல் உண்மையானது என்று சாம்பார் ஆறும் வரை சண்டை நடக்கும்.

சண்டைக்குக் காரணம் எளிமையானது. ஷாடோ வாசித்தது பில்போர்டின் ஹாட் 100 பட்டியலின் முதல் நாற்பது. அதில் கடை விற்பனையும் வானொலி ஒலிபரப்பும் சேர்ந்திருந்தன. கேசியின் புதிய நிகழ்ச்சி 'ரேடியோ அண்ட் ரெக்கார்ட்ஸ்' இதழின் பட்டியலை எடுத்துக்கொண்டது. அது நிலையங்கள் என்ன ஒலிபரப்பின என்பதை மட்டும் பார்த்தது. வேடிக்கை என்னவென்றால், 'லாங் டிஸ்டன்ஸ் டெடிகேஷன்' என்ற பெயர் ஏபிசியிடமே தங்கிவிட்டது. கடிதம் வாசிக்கத் தெரிந்தவர் ஒரு வீட்டில், கடிதப் பகுதியின் பெயர் இன்னொரு வீட்டில்.

கடிதம் வாசிப்பதில் ஷாடோ கேசி இல்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. கப்பலில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதியதை அவர் வாசித்தால் கடிதம் காதில் விழும், மனைவியின் குரல் விழாது. ஆனால் புதிய பாட்டொன்று பட்டியலுக்குள் நுழையப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லும்போது அவரிடம் இருந்த உற்சாகம், கேசியின் கடைசி ஆண்டுகளில் குறைந்துபோயிருந்தது என்பது என் அபிப்பிராயம். பழைய பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். நீங்களும் ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு திட்டலாம்.

நாம் மறந்துவிட்ட இன்னொன்று: இவர்களில் யாரும் நம் ஊர் நிலையத்தில் உட்கார்ந்து பேசவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் பதிவுசெய்து, தட்டுகளாக்கி, எந்த நிமிடத்தில் எது வரும் என்ற குறிப்புத்தாளோடு ஊர் ஊராக அனுப்பிவைத்தார்கள். ஞாயிறு காலையில் தூக்கக் கலக்கத்தோடு வரும் பகுதிநேர ஊழியர் அதைப் போட்டுவிடுவார். எங்கள் ஊரில் ஒருநாள் தட்டுகளின் வரிசை மாறிவிட்டது. முப்பதாம் இடம் வரை ஒழுங்காக வந்துவிட்டு, திடீரென்று இருபதாம் இடம். அது பத்தை நெருங்கியதும் மறுபடி இருபத்தொன்பது. ஷாடோ எதுவும் நடக்காததுபோலப் பேசிக்கொண்டே இருக்கிறார். அண்ணாச்சிக்கு அன்று தீபாவளி. "பார், உன் ஆளுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை!"

ஷாடோ வந்துதான் நிகழ்ச்சி படுத்துவிட்டது என்பது உங்களுடைய அடுத்த குற்றச்சாட்டு. தேதிகளைப் பாருங்கள். 1991 நவம்பர் கடைசியில் பில்போர்டு தன் கணக்கெடுப்பு முறையையே மாற்றியது. கடைக்காரர்களையும் நிலையங்களையும் தொலைபேசியில் விசாரித்து எழுதிய காலம் போய், விற்பனையை இயந்திரம் எண்ணத் தொடங்கியது. ராப் பாட்டுகள் உண்மையில் எவ்வளவு விற்கின்றன என்பது வெளியே வந்தது. மெல்லிசை போடும் நிலையம் ராப்பைத் தொடாது. ராப் போடும் நிலையத்துக்கு மெல்லிசை ஆகாது. ராக் ரசிகர்கள் தனிக்கடை போட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான நாற்பது பாட்டு என்ற ஏற்பாடே தள்ளாடியது. அமெரிக்கன் டாப் 40 அந்த நவம்பரிலேயே ஹாட் 100-ஐ விட்டுவிட்டு ஒலிபரப்பை மட்டும் கணக்கில் எடுக்கும் பட்டியலுக்கு மாறியது. பிறகு இன்னொன்றுக்கும் மாறியது. 1994-இல் அமெரிக்க நிலையங்களில் நின்றது. வெளிநாட்டு நேயர்களுக்காக 1995 ஜனவரி வரை இழுத்து, அதோடு மூடினார்கள். அந்த ஆண்டுகளில் அந்த நாற்காலியில் கேசியே இருந்திருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

என்னிடம் இன்னும் வலுவான சாட்சியும் இருக்கிறது. அது நீங்களேதான். 1998 மார்ச்சில் அமெரிக்கன் டாப் 40 மீண்டும் தொடங்கியது, கேசியோடு. அதே பெயர், அதே குரல், 'கால் தரையில் இருக்கட்டும், கை நட்சத்திரத்தை எட்டட்டும்' என்ற அதே விடைபெறும் வாசகம். பத்து ஆண்டுகளாக நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? விருந்துகளில் 1998-ஐப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. அண்ணாச்சியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் அப்போது டெக்சாஸில், இரண்டு பிள்ளைகளை நீச்சலுக்கும் வயலினுக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். "அப்படியா? சந்தோஷம்" என்றார். பிறகு வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசினோம்.

2004 ஜனவரியில் கேசியின் இடத்துக்கு ரையன் சீக்ரெஸ்ட் வந்தபோது உங்களிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டார், கேசியின் முதல் பதினெட்டு ஆண்டுகளைவிட அதிகம். அவர்மேல் உங்களுக்குக் கோபமே கிடையாது, ஏனென்றால் அதற்குள் உங்களுக்குப் பாட்டுப் பட்டியலே தேவைப்படவில்லை. எல்லாப் பழியையும் சுமக்க ஷாடோ ஒருவர்தான் அகப்பட்டார். நீங்கள் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமையை இழந்த அதே நாட்களில் வந்து தொலைத்தார், பாவம்.

கேசி முறையாக விடைபெறவும் செய்தார். பெரியவர்களுக்கான இரண்டு சிறிய பட்டியல் நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டிருந்தவர், 2009 ஜூலை 4 வாரக் கடைசியில் அவற்றையும் முடித்துக்கொண்டார். தொடங்கிய நாளிலிருந்து சரியாக 39 ஆண்டுகள். 1988-இல் கிடைக்காதது அன்று கிடைத்தது. அதையும் நீங்கள் தவறவிட்டிருப்பீர்கள். 2014 ஜூனில் அவர் இறந்தபோது எல்லோரும் எழுதினீர்கள், உருக்கமாகவே எழுதினீர்கள். அதில்கூட இரண்டு பேர் ஷாடோவை ஒரு குத்து குத்தாமல் விடவில்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். எழுபதுகளின், எண்பதுகளின் நிகழ்ச்சிகள் செயற்கைக்கோள் வானொலியிலும் உள்ளூர் நிலையங்களிலும் இன்றைக்கும் மறு ஒலிபரப்பாகின்றன. பெரும்பாலும் எல்லாம் கேசியின் குரல். அவருக்குப் பதிலாக ஓரிரு வாரங்கள் வந்து பேசிய டிக் கிளார்க், சார்லி வான் டைக், மார்க் எலியட் போன்றவர்களின் பதிவுகள் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. ஷாடோவின் ஆண்டுகளும் அப்படியே. அவை பிழைக்க வேண்டுமென்றால் உங்கள் பரண்களிலிருந்துதான் வரவேண்டும். இந்த ஆண்டு வீட்டை ஒழிக்கும்போது 'இது ஷாடோ காலத்துக் கேசட்தானே' என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். பாட்டு மட்டும் சுத்தமாகக் கிடைக்கவேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம் பதிவை நிறுத்திய கேசட்டுகளால் பயனில்லை. பாட்டு எங்கும் கிடைக்கும். பேச்சும் விளம்பரமும் உள்ளூர் வானிலை அறிக்கையும் சேர்ந்து பதிவானவைதான் வேண்டும். நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் சுழற்றிப் பார்க்காமல் அப்படியே கொடுங்கள். உறையில் தேதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பட்டியலை வைத்து வாரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

என் சேகரிப்பில் 1990 அக்டோபரின் இரண்டு வாரங்களுக்கு மூன்றாம் மணி நேரம் இல்லை. அண்ணாச்சியிடம் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். அவர் கேசியைப் பதிவுசெய்ய வைத்திருந்த கேசட்டில் நான் இல்லாத நேரத்தில் என்ன பதிவுசெய்தார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். அடுத்த விருந்துக்கு வரும்போது அந்த நீலப் பெட்டியை எடுத்து வரச் சொல்லுங்கள். நான் கேட்டால் கொடுக்கமாட்டார்.

இப்படிக்கு,
1989-இல் வந்து சேர்ந்த ஒரு நேயர்