கீழ் பல் செட் ஆடுகிறதா? இன்னொரு வழியும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்மாவுக்கு 71 வயது. மூன்று வருடத்துக்கு முன்பு எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டு பல் செட் கட்டினோம். மேல் செட் அண்ணத்தில் கப்பென்று ஒட்டிக்கொள்கிறது, கீழ் செட்தான் பாடாய்ப் படுத்துகிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் வடையைக் கடித்ததும் அது அப்படியே தூக்கிக்கொண்டு வர, அம்மா சட்டென்று குனிந்து முந்தானையில் எடுத்து முடிந்துகொண்டார். பந்தி முடியும்வரை யாரிடமும் பேசவில்லை. ஆடாமல் இருக்க அடியில் பஞ்சு வைத்து வைத்து ஈறெல்லாம் புண் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு கிளினிக்கில் காட்டினோம். வாய் முழுக்க இம்ப்ளான்ட் (பல்லைத் தாங்க தாடை எலும்பில் பதிக்கும் திருகு) வையுங்கள் என்று ஒரு தொகை சொன்னார்கள், அது அப்பாவின் இரண்டு வருடப் பென்ஷன். இல்லையென்றால் இப்படியே பழகிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வேறொரு டாக்டர்தான் உட்காரவைத்து விளக்கினார். பல் போன இடத்தில் தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும், அன்று பொருந்திய செட் இன்று ஆடுவது அதனால்தானாம். கீழே பிடித்துக்கொள்ள அண்ணமும் கிடையாது, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். செலவு வேண்டாமென்றால் செட்டின் உள்பக்கத்தை இப்போதைய ஈறுக்குத் தகுந்தபடி ரீலைன் செய்யலாம். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட், அதன்மேல் செட்டை பிரஸ் பட்டன் மாதிரி அழுத்தி மாட்டிக்கொள்ளலாம், கழற்றிக் கழுவவும் முடியும். வாய் முழுக்க வைப்பதைவிடச் செலவு மிகவும் குறைவு. 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும், இந்த டாக்டரைத் தவிர எங்களிடம் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம் என்றார், ஆனால் முதலில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும், எலும்பு போதுமா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும். டைட்டானியம் திருகு எலும்போடு சேர்ந்து இறுகப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். (சுவீடனில் பிரானெமார்க் என்பவர் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியத்தைத் திரும்ப எடுக்க முடியாமல் போனபோதுதான் இது தெரியவந்ததாம், மனிதருக்கு அவர் வைத்தது 1965-ல்.) 'ஒரே நாளில் நிரந்தரப் பல்' என்று விளம்பரம் போடுகிறவர்கள், அது எல்லா வாய்க்கும் ஒத்துவராது என்பதையும் சேர்த்துப் போட வேண்டும்.

அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த செலவில் பல் செட் கட்டித் தருகிறார்கள். அதேபோல இந்த இரண்டு இம்ப்ளான்ட் முறையும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்வரை வர வேண்டும். பல் டாக்டர்கள் தயவுசெய்து எல்லா வழியையும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், எது வேண்டும் என்று நாங்கள் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்கிறோம். உங்கள் பத்திரிகையும் மருத்துவப் பக்கத்தில் இதை ஒருமுறை விரிவாக எழுத வேண்டும்.

அம்மாவுக்கு வரும் திங்கட்கிழமை ஸ்கேன்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்