ஏற்காட்டுல இருந்து கடலுக்கடில போகப்போற தம்பிக்கு

தம்பி,

அந்தமான்ல ஹேவ்லாக் தீவுக்குப் போறேன், சிலிண்டர் மாட்டிக்கிட்டு கடலுக்கடில ஸ்கூபா டைவ் பண்ணப் போறேன்னு ஃபேமிலி குரூப்ல போட்டிருந்தியே, பாத்தேன். "நமக்கென்னக்கா, வாழப்பாடி கெணத்துலயே மூச்சடக்கிக் கல்லு எடுத்துட்டு வந்த ஆளு"ன்னு கீழ ஒரு பெருமை வேற. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். இதே நெனப்புல நம்மூர்ல இருந்து கெளம்புற பசங்க நெறைய, அதான் பொதுவுலயே போட்டுட்டேன், கோவிச்சுக்காத.

டேய், ஸ்கூபால மொத ரூலே மூச்சை அடக்கக் கூடாதுங்கறதுதான். கெணத்துல மேல இழுத்த காத்தோட உள்ள போற, உள்ள போகப்போக அது சுருங்கும், வெளிய வந்தா பழையபடி ஆயிடும், பிரச்சனை இல்ல. இங்க 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் கரைல இருக்கற மாதிரி ரெண்டு மடங்கு, அந்த அழுத்தத்துலயேதான் சிலிண்டர் காத்தும் உனக்குள்ள வருது, அத நெஞ்சு நெறைய இழுத்து வாய மூடிக்கிட்டு சட்டுனு மேல வந்தேன்னு வை, அது ரெண்டு மடங்கா விரியப் பாக்கும், நுரையீரலே கிழிஞ்சு போலாம். பயம் வந்தா ஒடம்பு பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும், அதான் நீச்சல் தெரியாதவன விட கெணத்துல வளந்தவன் மேல எனக்குக் கவலை ஜாஸ்தி. இழுத்து விட்டுட்டே இரு, குமிழி வந்துட்டே இருக்கணும், அவ்வளவுதான்.

அப்புறம் காது. ஏற்காட்ல இருந்து சேலம் எறங்கறப்ப காது அடைக்கும்ல, 20 கொண்டை ஊசி வளைவும் சேந்து தர்ற அந்த அழுத்தம் கடல்ல ஒன்றரை மீட்டர் போறதுக்குள்ளயே வந்துடும். அதனால எறங்க ஆரம்பிச்ச உடனே மூக்கப் புடிச்சு மெதுவா ஊது, வலிக்கற வரைக்கும் வெய்ட் பண்ணாத. வலிச்சா கொஞ்சம் மேல ஏறிக்கோ. சரியாயிடுச்சுன்னு சொல்ல கட்டை வெரல தூக்கிக் காட்டாத, அங்க அதுக்கு "சூப்பர்"னு அர்த்தம் இல்ல, "மேல போலாம்"னு அர்த்தம், உன்ன உடனே தண்ணிக்கு மேல கூட்டிட்டுப் போயிடுவாங்க.

கீழ போனா மொதல்ல செவப்புதான் காணாமப் போகும், டார்ச் அடிச்சாத்தான் பவளத்தோட நெசக் கலரே தெரியும். சத்தமே இருக்காதுன்னு நெனைப்ப, ஆனா கிளி மீன் பவளப் பாறைய கடிக்கற நறநறன்ற சத்தம் நல்லாவே கேக்கும், கடிச்சத அரைச்சு பின்னாடி மணலா விட்டுட்டுப் போகும், அந்த வெள்ள பீச்சுல பாதி மணலு இப்படி வந்ததோன்னு எனக்கு ஒரு டவுட்டு உண்டு. பாறைன்னு சொன்னாலும் அது உயிருள்ளது, குண்டுக்கல்லு மாதிரி இருக்கற வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளந்தாலே பெருசு, நீ கால்ல மாட்டியிருக்கற ஃபின்னால ஒரு தட்டு தட்டினா அத்தன வருஷமும் போச்சு. கடல் சூடாகி 2024ல ஒலகம் பூரா பவளம் வெளுத்துச்சு, இதுல நம்ம காலு வேற வேணாம். ஒடஞ்ச துண்டு கெடந்தாலும் பாக்கெட்ல போடாத, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல புலிக்கு இருக்கற அதே அட்டவணைல பவளமும் இருக்கு, ஏர்போர்ட்ல மாட்டுவ.

டைவ் முடிச்சு ஒரே நாள்ல ஃப்ளைட் ஏறக்கூடாதுன்னு அங்கயே சொல்லுவாங்க. ஒடம்புல கரைஞ்ச நைட்ரஜன் மெதுவாத்தான் வெளிய போகும், அதுக்குள்ள ஒசரத்துக்குப் போனா சோடா மாதிரி குமிழி விட்டுடும். ஒரு டைவ்னா 12 மணி நேரம், நெறைய டைவ்னா 18. ஆனா மலைக்கும் இதே கணக்குதான்னு உனக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அங்க வர்ற பாதி பேருக்கு வீடு 1500 மீட்டர் ஒசரத்துல இல்ல! அந்தமான்ல இருந்து வர்றதுக்குள்ள எப்படியும் நேரம் ஆயிடும், விடு. பாண்டிச்சேரில ப்ராக்டிஸ் டைவ் ஒண்ணு போட்டுட்டு அன்னிக்கே பைக்ல ஆத்தூர் வந்து அயோத்தியாப்பட்டணத்துல திரும்பி குப்பனூர் வழியா மேல ஏறிடுவேன்னியே, அதத்தான் சொல்றேன். அன்னிக்கு ராத்திரி சேலத்துல எங்க வீட்லயே படு, சேலம் 300 மீட்டர் ஒசரம்கூட இல்ல.

மெடிக்கல் ஃபார்ம்ல சின்ன வயசு வீசிங்க மறைக்காத. டாக்டர் லெட்டர் இல்லாம எந்த நல்ல சென்டரும் விடாது, விட்டா அந்த சென்டர் வேணாம். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.

அக்கா