மாப்ளே, கேஸில் ஜெயிச்சேன்

டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஆகஸ்ட் 20

அன்புள்ள மாப்ளே,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டு நிம்மதி. உடனே மாடிப்படி ஏறி வீரம் காட்டாதே.

இங்கே நான் கோர்ட் படி ஏறிட்டு வந்திருக்கேன். பதறாதே, ஸ்பீடு ஃபைன்தான். தைப்பூசத்தன்னிக்குக் காவடிக்கு நேரமாச்சுன்னு 60 ரோட்டில் 78-ல் போயிருக்கேன். 500 ரேண்ட். நோட்டீஸிலேயே போட்டோ. வேப்பிலைக்கு இங்கே சிரிங்கா இலைதான், தெரியுமில்லே? அந்தக் கொத்து பானெட் முழுக்கத் தொங்குது, நம்பர் பிளேட்டை மட்டும் மறைக்கலே. முருகன் அவ்வளவு நேர்மை!

அரசு வக்கீலுக்கு எழுதிக் கேட்டா குறைப்பாங்கன்னாங்க. கேட்டேன், 300 ஆச்சு. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிற மச்சினன், அவங்க ஊர்ல 32 நாளுக்குள் கட்டினா எழுதிக் கேட்காமலே பாதிதான்னு வெறுப்பேத்தினான். பேசாம கட்டியிருக்கலாம். ஆனா ஆபீஸ்ல ஒருத்தர், "கேமராவைச் சோதிச்ச சான்றிதழைக் கேளுங்க, அது இல்லாம கேஸ் நிக்காது"ன்னு தூபம் போட்டார். உனக்குத்தான் என் வீம்பு தெரியுமே.

காலை எட்டரையிலிருந்து மரபெஞ்சு. பாதிப் பேர் மினிபஸ் டாக்சி டிரைவருங்க. ஒருத்தர் கையில் பதினோரு நோட்டீஸ், சீட்டுக்கட்டு மாதிரி விசிறிக் காட்டிச் சிரிக்கிறார். என் பேரைக் கூப்பிட்டதும் மொழிபெயர்க்கிற அம்மா, "இங்கிலீஷா, ஜூலுவா?"ன்னாங்க. தமிழ்னு வாய் வரைக்கும் வந்துச்சு. புரியற மொழியில் விசாரிக்கணும்னு அரசியல் சட்டம் 35-வது பிரிவே சொல்லுது. 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல்ல நம்மாளுங்க முதல் கூட்டம் வந்து இறங்கினப்புறம், இந்த நேட்டால் பகுதி கோர்ட்டுகள்ல நம்ம பாஷைக்கும் சம்பளத்துக்கு ஆள் இருந்தாங்களாம். ஆனா எனக்காக யாரைத் தேடுவாங்க? இங்கிலீஷ்னுட்டேன். "குற்றவாளி இல்லை"ன்னு சொல்றப்போ மட்டும் குரல் கொஞ்சம் கம்மிப் போச்சு. போலீஸ்காரர் சாட்சிக்கு வரணும்னு வாய்தா.

அடுத்த வாய்தாவில் அவர் வந்துட்டார், சான்றிதழ் வரலே. அரசு வக்கீல் ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினார், பெருமூச்சு விட்டார், கேஸ் வாபஸ். ரெண்டு நிமிஷம்கூட ஆகலே. அதுக்கு ரெண்டு நாள் லீவும் பார்க்கிங் காசும் தனிக்கணக்கு.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டு, "ஜெயிச்சுட்டேன்"னேன்.

"அது சரி, 78-ல் போனீங்களா, இல்லையா?"

"சாயங்காலம் வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?"னு கேட்டுட்டேன். அவ இன்னும் விடலே. கார்ல பக்கத்தில் உட்கார்ந்தா ரோட்டைப் பார்க்கிறதில்லே, முள்ளைத்தான் பார்க்கிறா.

புரட்டாசி வருது. இங்கே நம்மாளுங்க பாதிப் பேர் அந்த மாசம் கறிக்கடைப் பக்கமே போகமாட்டாங்க. முடிஞ்சா சுண்டைக்காய் வத்தல் அனுப்பு. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன் பழைய ரூம்மேட்