தனக்குத்தானே கல் நாட்டியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வேதாகமத்தில் வரும் பாறைகளையும் கற்களையும் பற்றிப் போதகர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கன்மலை, மூலைக்கல், பேதுருவுக்குக் கிடைத்த ‘கல்’ என்ற பெயர், கன்மலையின்மேல் கட்டின வீடு எல்லாம் அதில் வந்திருந்தன. நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் கல்லிலேயே பிழைப்பு நடத்தியவன் என்ற முறையில் எனக்கு ஒரு குறை. கல் என்றால் உறுதி, உறுதி என்றால் விசுவாசம் என்று முடித்துவிட்டார். அந்தக் கற்களை நாட்டியவர்கள் யார், அதில் யார் பெயரைப் போட்டார்கள் என்ற பக்கமே அவர் போகவில்லை. இன்று நம் சபைகளில் நடக்கிற சண்டையில் பாதி அதைப் பற்றித்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் மயிலாடிக்காரன். குமரி மாவட்டத்தில் சிலை வேலைக்குப் பேர்போன ஊர். நான் சிலை செய்கிறவன் அல்ல, கல்லில் எழுத்து வெட்டுகிறவன். ஓர் ஆசாரியிடம் தொழில் படித்தேன். கோயில் கும்பாபிஷேகக் கல்லும் அவரிடம் வரும், சபை பிரதிஷ்டைக் கல்லும் வரும், கல்லறைக் கல்லும் வரும். கல்லின் முகத்தில் காவியால் எழுதிக்கொண்டு, சின்ன உளியைச் சாய்த்துப் பிடித்து, தட்டுகிறோமா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தட்டிக்கொண்டே வரவேண்டும். நேர்க்கோடு எளிது. ‘ஞ’, ‘ணு’ மாதிரி வளைந்து திரும்புகிற எழுத்து வந்தால்தான் கைக்குச் சோதனை. ஓரம் ஒரு பொட்டுப் பெயர்ந்தாலும் கல் போச்சு. இப்போது என் மகன் கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்து, ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி, கம்ப்ரசர் வைத்து மணலைப் பீய்ச்சி, காபி குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுகிறான். கூலி மட்டும் அன்றும் இன்றும் எழுத்துக் கணக்குத்தான்.

எழுத்துக் கணக்கு என்பதால் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சபைக் கல்வெட்டில் மேலே ‘தேவ மகிமைக்காக’ என்று ஒரு வரி இருக்கும். அது முக்கால் அங்குல எழுத்து. அதற்குக் கீழே பிரதிஷ்டை செய்தவர், முன்னிலை வகித்தவர், சேகரத் தலைவர், செயலாளர், பொருளாளர், கட்டடக் குழு, நன்கொடையாளர்கள் என்று வரும். ஒவ்வொருவருக்கும் முன்னால் கனம், மகா கனம், பின்னால் படித்த பட்டங்கள். அதெல்லாம் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம். இடம் போதவில்லை என்றால் முதலில் சுருங்குவது தேவ மகிமைதான். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. அளவு எடுத்துச் சொல்கிறேன்.

சரி, வேதத்துக்கு வருவோம். நம் வீடுகளில் எபெனேசர் என்ற பெயர் இல்லாத தெரு கிடையாது. ஆண்டு முடிவில் அச்சடிக்கிற அட்டையிலும் அதுதான், புது வீட்டு வாசலிலும் அதுதான். இஸ்ரவேலர் தங்கள் எதிரிகளான பெலிஸ்தரை ஜெயித்த பிறகு சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை எடுத்து மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவில் நிறுத்தி, இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார் என்று சொல்லி அதற்கு வைத்த பெயர் அது. ஜனங்களைக் கூட்டியவர் அவர், அவர்களுக்காக மன்றாடியவர் அவர், பலி செலுத்தியவர் அவர். அந்தக் கல்லுக்குச் சாமுவேல் கல் என்று பெயர் வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வைக்கவில்லை.

இது வருகிற சாமுவேலின் முதல் புத்தகத்திலேயே எட்டு அதிகாரம் தள்ளிப் பாருங்கள். சவுல் ராஜா அமலேக்கியரை ஜெயித்துவிட்டு நேரே கர்மேலுக்குப் போய்த் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறார். அங்கிருந்து கில்காலுக்கு இறங்கி வருகிறார். அங்கே வைத்துத்தான், கர்த்தர் உன்னை ராஜாவாயிராதபடி தள்ளிவிட்டார் என்று அதே சாமுவேல் அவருக்குச் சொல்கிறார். அவர் தள்ளப்பட்டது கீழ்ப்படியாமைக்காக, ஸ்தம்பத்துக்காக அல்ல. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஸ்தம்பத்தை விடாமல் எழுதிவைத்திருக்கிறார்களே, அதை நாம் ஏன் பிரசங்கத்தில் கேட்பதே இல்லை?

இன்னொருவர், தகப்பன் தாவீது ராஜாவையே எதிர்த்துக் கிளம்பிய அப்சலோம். தன் பேரை நினைக்கப்பண்ண மகன் இல்லை என்று சொல்லி, உயிரோடு இருக்கும்போதே ராஜாவின் பள்ளத்தாக்கில் ஒரு தூணை நிறுத்தி அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். இந்த வசனம் எங்கே வருகிறது தெரியுமா? கர்வாலி மரத்தில் தொங்கியவரைக் குத்திக் கொன்று, காட்டில் ஒரு குழியில் போட்டு, மேலே பெரிய கற்குவியலைக் குவித்தார்கள் என்பதற்கு அடுத்த வசனத்தில். அவர் நாட்டிய கல் ஒன்று, அவர்மேல் விழுந்த கல் ஒரு குவியல். எழுதியவர் வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எருசலேமில் கீதரோன் பள்ளத்தாக்கில் அப்சலோமின் கல்லறை என்று இன்றும் ஒன்றைக் காட்டுகிறார்கள். உண்மையில் அது அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்குப் பிந்திய வேலை. ஆனாலும் அந்த வழியாகப் போகிறவர்கள் தகப்பனுக்கு அடங்காத மகன் என்று அதன்மேல் கல்லெறிந்துவிட்டுப் போகிற வழக்கம் நூற்றாண்டுக்கணக்கில் இருந்திருக்கிறது.

தனக்கென்று கல் நாட்டிக்கொண்டவர்களைத் தேடினால் எனக்குத் தெரிந்து இந்த இரண்டு பேர்தான் அகப்படுகிறார்கள். மற்ற கற்களைப் பாருங்கள். இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்தபோது கோத்திரத்துக்கு ஒருவர் வீதம் பன்னிரண்டு பேர், ஆற்றின் நடுவிலிருந்து தோளில் கல்லைச் சுமந்து வந்தார்கள். தூக்கியவர்களில் ஒருவர் பெயரும் எழுதப்படவில்லை. அவை கில்காலில் நாட்டப்பட்டதற்குக் காரணம் சொல்லியிருக்கிறது: நாளை பிள்ளைகள் இந்தக் கற்கள் ஏதென்று கேட்டால், ஆற்றுத் தண்ணீர் பிரிந்துபோன கதையைச் சொல்ல வேண்டும். நாம் யார், எங்கிருந்து வந்தோம் என்பது அந்தப் பிள்ளைக்கு அந்தக் கல்லிலிருந்து கிடைக்கும். நம் சபை வாசலில் ஒரு பிள்ளை நின்று கல்வெட்டைப் படித்தால் அந்த வருஷம் பொருளாளர் யார் என்பது கிடைக்கும். இதில் இன்னொன்று, கில்காலில் வைத்ததோடு, ஜனங்களை நடத்திவந்த யோசுவா நிறுத்தவில்லை. ஆசாரியர்களின் கால் நின்ற இடத்தில், ஆற்றின் நடுவிலும் பன்னிரண்டு கற்களை நாட்டினார் என்று இருக்கிறது. திறப்புவிழா வைக்க முடியாத இடம். தண்ணீர் திரும்பியதும் யார் கண்ணுக்கும் தெரியாது.

பலிபீடத்துக்கு வெட்டின கல் கூடாது, உன் உளி பட்டால் அது தீட்டாகிவிடும் என்று யாத்திராகமத்தில் படித்தபோது, தொழில் படிக்கிற வயதில் எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம் அதே புத்தகத்தில் பெசலெயேல் வந்தார். கல் வெட்டவும் பதிக்கவும் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று எழுதியிருக்கிறது. உளிமேல் பகை ஒன்றும் இல்லை, வைக்கிற இடம்தான் விஷயம் என்று சமாதானமானேன். சாலொமோன் ஆலயம் கட்டியபோது மலையில் வெட்டுகிறவர்கள் 80,000 பேர், சுமக்கிறவர்கள் 70,000 பேர். கற்களை வெட்டுமிடத்திலேயே பக்குவமாக்கிக் கொண்டுவந்தார்கள், கட்டுகிற இடத்தில் இரும்புச் சத்தமே கேட்கவில்லை என்கிறது வசனம். வெண்கல வேலை செய்த ஈராமின் பெயரும், அவர் தாயார் விதவை என்பதும்கூட இருக்கிறது. கல் வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. எங்கள் தொழிலுக்கு இது பழகிப்போன விஷயம், விடுங்கள்.

வேதத்தில் பெயர் வெட்டிய கல்லே இல்லையா என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது. பிரதான ஆசாரியனின் தோளில் இரண்டு கோமேதகக் கற்கள், கல்லுக்கு ஆறு பெயர். மார்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள், கல்லுக்கு ஒரு கோத்திரம். முத்திரை வெட்டுகிறவர்களின் வேலையாகச் செய்ய வேண்டும் என்று கட்டளையே இருக்கிறது. ஆனால் அங்கே ஆரோன் சுமக்கிறது ஜனங்களின் பெயரை. தன் பெயரை ஜனங்கள் படிக்கட்டும் என்று மாட்டிக்கொண்டு நிற்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு வெள்ளைக்கல் வருகிறது. ஜெயங்கொள்ளுகிறவனுக்கு அதைக் கொடுப்பார், அதில் ஒரு புதிய நாமம் எழுதியிருக்கும், பெறுகிறவனைத் தவிர வேறொருவருக்கும் அது தெரியாது. இப்படி ஒரு ஆர்டரை என்னிடம் இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை.

வந்த ஆர்டர் ஒன்றைச் சொல்கிறேன். வேறு மாவட்டத்தில் ஒரு சபை, ஊர் வேண்டாம். முகப்பைப் புதுப்பித்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெயர்களோடு கல் வெட்டிக் கொடுத்தோம். திறப்பதற்குள் சபைத் தேர்தல் வந்து கமிட்டி மாறிவிட்டது. புதியவர்கள் கல்லை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, பழைய பெயர்களை எடுத்துவிட்டு எங்கள் பெயரை வெட்டுங்கள் என்றார்கள். கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது. வெட்டு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குக் கல்லின் முகம் முழுவதையும் தேய்த்து இறக்கி மறுபடி பாலிஷ் போட வேண்டும். புதுக் கல்லே வாங்கிவிடலாம். கடைசியில் கல்லைப் புரட்டிப் பின்பக்கத்துக்குப் பாலிஷ் போட்டு அதில் வெட்டிக்கொண்டு போனார்கள். இப்போது அந்தச் சுவரில் பழைய கமிட்டி முழுவதும் சிமென்ட்டைப் பார்த்தபடி இருக்கிறது. அடுத்த தேர்தலுக்குப் புரட்ட இன்னொரு பக்கம் இல்லை.

இயேசுவைச் சிலுவையில் அறையத் தீர்ப்புக் கொடுத்த பிலாத்துவின் கல்லுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். 1961இல் இத்தாலிய ஆய்வாளர்கள் செசரியாவில் பழைய அரங்கைத் தோண்டியபோது, படிக்கட்டில் ஒரு சுண்ணாம்புக்கல் அகப்பட்டது. ரோமை ஆண்ட திபேரியு இராயனின் பெயரால் எழுந்த ஒரு கட்டடத்துக்கு, யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்து லத்தீனில் வெட்டிவைத்த கல்வெட்டு அது. கட்டடம் போய்விட்டது. பின்னால் வந்த ஏதோ ஒரு கொத்தனாருக்குப் படிக்கு ஒரு கல் தேவைப்பட்டிருக்கிறது, எடுத்துப் போட்டுவிட்டார். இடது பக்க எழுத்துகள் சிதைந்து, அவர் பெயரில் பிலாத்து என்பது மட்டும் முழுசாக நிற்கிறது. இப்போது எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது பொக்கிஷம், மறுக்கவில்லை. ஆனால் நாம் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அவர் பெயரைச் சொல்வது அந்தக் கல்லால் அல்ல.

இதற்கு நேர் எதிராக ஒரு கல்வெட்டு உண்டு. எசேக்கியா ராஜா எருசலேமுக்குள் தண்ணீர் கொண்டுவரப் பாறையைக் குடைந்த சுரங்கம் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதன் சுவரில் 1880இல் ஓர் எழுத்து கண்ணில் பட்டது. இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து வந்தவர்கள், இன்னும் மூன்று முழம் இருக்கும்போது எதிர்ப்பக்கத்து ஆள் கூப்பிடுகிற குரலைக் கேட்டார்கள், கடப்பாரையும் கடப்பாரையும் சந்தித்தன, தண்ணீர் ஓடியது என்று எழுதியிருக்கிறது. கிடைத்த வரிகளில் ராஜா பெயர் இல்லை, அதிகாரி பெயர் இல்லை, வெட்டியவன் பெயரும் இல்லை. நடந்தது மட்டும் இருக்கிறது. அந்தக் கல் இப்போது இஸ்தான்புல்லில் உள்ளது. பார்க்க எனக்கு வாய்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தேன். வெட்டியவன் நல்ல கைக்காரன்.

எங்கள் ஊர் விஷயம் ஒன்று. தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபை ஆலயம் மயிலாடியில்தான் 1809இல் எழுந்தது. எங்கள் ஊர் மகாராசன் வேதமாணிக்கம் கூப்பிட்டு, ஜெர்மனிக்கார மிஷனரி ரிங்கல்தௌபே வந்து நின்ற இடம். அவர் 1816இல் உடம்பு முடியாமல் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அதன்பின் எங்கே இறந்தார், எங்கே அடக்கம் என்பது ஒருவருக்கும் தெரியாது. கல்லுக்கென்றே இருக்கிற ஊரில் முதல் சபையைக் கட்டியவருக்குக் கல்லறைக் கல் இல்லை. இங்கே அவரைத் தெரியாதவர்களும் இல்லை.

பேதுருவைப் பற்றிக் கட்டுரையில் இரண்டு பத்தி இருந்தது. அந்தப் பேதுரு தன் நிருபத்தில், நான்தான் அந்தக் கல் என்று எங்கும் எழுதவில்லை. நீங்களும் ஜீவனுள்ள கற்கள் என்று, சிதறிக் கிடந்த சாதாரண விசுவாசிகளுக்கு அந்தப் பெயரைப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டார். அடுத்த கட்டுரையில் அதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆலயப் பிரதிஷ்டைச் செய்தி போடும்போது, கல்வெட்டுக்கு முன்னால் நிற்கிறவர்களின் படத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்துக்காகவே கல் பெரிதாகிறது. சபைகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது: வருஷத்தைப் போடுங்கள், அது பின்னால் வருகிறவர்களுக்கு வேண்டும். சாமுவேல் சொன்ன அந்த ஒரு வரியைப் போடுங்கள். அவ்வளவு போதும். அப்படி ஒரு கல் கேட்டு எந்தச் சபை வந்தாலும் எழுத்துக் கூலி வாங்க வேண்டாம், கல் விலை மட்டும் வாங்கு என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் வரப்போவதில்லை என்ற தைரியத்தில் அவனும் சரி என்று தலையாட்டிவிட்டான்.

இப்படிக்கு,
கல்லில் எழுத்து வெட்டும் ஒரு வாசகன்,
மயிலாடி, குமரி மாவட்டம்.