பழைய ரோல் பிளேயிங் கேமுக்கும் தமிழ்ல கொஞ்சம் எடம் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்க வார இணைப்புல புது மொபைல் கேம் பத்தியெல்லாம் எழுதுறீங்க, சந்தோஷம், ஆனா பழைய ரோல் பிளேயிங் கேம், அதாவது ஒரு கதாபாத்திரமா மாறி கதைக்குள்ள போய் ஆடுற கேம், ஆடுறவங்களுக்கு தமிழ்ல கை குடுக்க ஆளே இல்லீங்க. எங்க சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் பசங்க 1998ல வந்த பால்டர்ஸ் கேட்ங்கிற கம்ப்யூட்டர் கேமை எடுத்து ஆடுறாங்க, பழைய லேப்டாப்லயே ஓடுது, ஆனா கணக்கு புரியாம பாதியில விட்டுடுறாங்க.

அதுல ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படாம தப்பிக்கிற தற்காப்பு எண், குறைய குறையத்தான் நல்லது, தாக்கோவும் (எதிரி மேல அடி விழ வைக்கிற திறமைக்கான எண்) அப்படித்தான். தாக்கோ 15 இருக்கிறவன் ஆர்மர் கிளாஸ் 5 உள்ள எதிரிய அடிக்கணும்னா 15ல 5 போக 10, இருபது பக்க டைஸ்ல 10 இல்ல அதுக்கு மேல விழணும், எதிரிக்கு ஆர்மர் கிளாஸ் மைனஸ் 2ன்னா 15ஓட 2 கூட்டி 17 வேணும். அவ்ளோதான் விஷயம்!

டூயல் கிளாஸ், அதாவது கதாபாத்திரத்தோட தொழில நடுவுல மாத்துறது, இன்னும் மோசம். பக்கத்து வீட்டு தம்பி ஃபைட்டர (சண்டை வீரன்) மேஜா (மந்திரவாதி) மாத்துனான், பழைய திறமையெல்லாம் காணோம், கேமே கெட்டுப்போச்சுன்னு அழிக்கப் போனான். மேஜ் லெவல் பழைய ஃபைட்டர் லெவல தாண்டுனா எல்லாம் திரும்ப வந்துடும்டா தம்பின்னு சொன்னப்புறம்தான் நிறுத்துனான். கேம்ல ஆறு பேர் சேந்து போற பார்ட்டியில ட்ராப் (வழியில வெச்சிருக்கிற பொறி) எடுக்க ஒரு தீஃப் (திருடன்) வேணும்ங்கிறதுகூட நெறைய பேருக்கு தெரியல.

மாசத்துக்கு ஒரு தடவ கால் பக்கம் ஒதுக்குங்க ஐயா, வாசகர் கேள்வி கேக்கட்டும், தெரிஞ்சவங்க பதில் எழுதட்டும், நானும் எழுதித் தர்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்