கனிஷ்காவுக்கு வந்த கப்பல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1985-இல் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வான்கூவரில் ஏறிய பெட்டியிலிருந்து கனடா நீதிமன்றம் வரை விவரமாக எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் அட்லாண்டிக்கில் இறங்கி உடல்களை மீட்டவர்களை மட்டும் ‘அயர்லாந்துக் கடற்படைக் கப்பல் ஒன்று’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். துறைமுகத்தில் காலம் தள்ளிய என்னைப் போன்றவனுக்கு அது மனசு கேட்கவில்லை. அந்தக் கப்பலுக்குப் பெயர் உண்டு. ஆஷ்லிங், எண் பி-23.

அயர்லாந்து 1977-இல் தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைலாக நீட்டியது. காவல் காக்கக் கப்பல் வேண்டுமே? ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமும் பணம் கொடுத்து உதவ, கார்க் துறைமுகத்தை ஒட்டிய வெரோல்ம் கப்பல் கட்டும் தளத்தில் ஈமர், ஈஃபா, ஆஷ்லிங் என்று மூன்று கப்பல்கள் அடுத்தடுத்துக் கட்டப்பட்டன. கடைசிப் பெண் ஆஷ்லிங், 1980-இல் சேவைக்கு வந்தது. நீளம் 65 மீட்டர், முன்னால் ஒரு 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி, அவ்வளவுதான். போர்க்கப்பல் என்று சொன்னால் பெரிய கடற்படைக்காரர்கள் சிரிப்பார்கள். அன்றாட வேலையும் அப்படித்தான்: ரப்பர் படகில் போய் விசைப்படகில் ஏறுவது, வலைக்கண்ணில் அளவுகோலைச் செருகிப் பார்ப்பது, பதிவேட்டில் எழுதிய மீனும் அடித்தளத்தில் கிடக்கும் மீனும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அலை எழும்பி நிற்கும் வட அட்லாண்டிக்கில், கயிற்றேணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு செய்யும் வேலை இது.

1984 செப்டம்பரில் அயர்லாந்தின் தென்மேற்கில் கெரிக் கரையோரம் மாரிட்டா ஆன் என்ற மீன்பிடிப் படகை ஈமரும் ஆஷ்லிங்கும் சேர்ந்து மடக்கின. உள்ளே, பிரிட்டனுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சுமார் 7 டன் ஆயுதம். அடுத்த மாதமே, நிற்காமல் ஓடிய சோனியா என்ற ஸ்பானிய விசைப்படகை மணிக்கணக்கில் துரத்தி நூற்றுக்கணக்கான எச்சரிக்கைக் குண்டுகள் சுட்டது ஆஷ்லிங். சோனியா பிறகு பிரிட்டன் பக்கம் மூழ்கிப்போனது. ஆட்கள் தப்பினார்கள். ஸ்பெயினோடு மனக்கசப்பு மிஞ்சியது.

அப்புறம் 1985 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்துக்குத் தென்மேற்கே சுமார் 190 கிலோமீட்டரில் 329 பேரோடு விமானம் விழுந்தது. ரோந்தில் இருந்த ஆஷ்லிங் அங்கே விரைந்தது. தகவல் கிடைத்த வணிகக் கப்பல்களும் பிரிட்டிஷ் ஹெலிகாப்டர்களும் வந்தன. உயிரோடு யாராவது இருப்பார்கள் என்று நினைத்துத்தான் போனார்கள். கிடைத்தவை உடல்கள் மட்டும். வலைக்கண் அளக்கப் போகும் அதே சின்ன ரப்பர் படகுகளை இறக்கி, விளிம்பில் குனிந்து, ஒவ்வோர் உடலாகக் கையால் இழுத்து ஏற்றினார்கள். பலரும் இருபதுகளில் இருந்த மாலுமிகள். செத்தவர்களில் 80-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லாக் கப்பல்களும் ஹெலிகாப்டர்களுமாகச் சேர்ந்து மீட்டது 131 உடல்கள். ஆஷ்லிங் குழுவினர் சிலருக்கு அயர்லாந்து அரசு சீரிய சேவைக்கான பதக்கம் கொடுத்தது. நம் நாட்டுப் பாடப் புத்தகத்தில் இதற்கு இரண்டு வரி இருக்கலாம் என்பது என் ஆசை. சரி, அது வேறு பேச்சு.

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான். 36 ஆண்டுகள், 6 லட்சம் கடல் மைலுக்கு மேல் ஓடிய கப்பலை 2016 ஜூனில் கால்வே நகரில் வைத்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அதில் தப்பில்லை. வயதான இரும்பை எத்தனை தடவைதான் உலர்துறையில் ஏற்றிப் பழுது பார்ப்பது? தப்பு அடுத்த ஆண்டு நடந்தது. பீரங்கியைக் கழற்றிவிட்டு, கார்க் பக்கம் ஒரு ஹோட்டலில் பொது ஏலம். ஒரு டச்சுத் தரகர் 1,10,000 யூரோவுக்கு எடுத்தார். சென்னையில் ஒரு ஃபிளாட் விலைதான். அங்கிருந்து ஐக்கிய அரபு அமீரக நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், பெயர் மாறி, 2018-இல் லிபியாவின் பெங்காசியில், கிழக்கு லிபியாவைக் கையில் வைத்திருந்த தளபதி ஹஃப்தாரின் படையில் அல் கராமா என்ற பெயரோடு போய் நின்றது. கழற்றிய இடத்தில் மறுபடி பீரங்கி ஏறியது. லிபியாவுக்கு ஆயுதம் போகக் கூடாது என்று 2011 முதல் இருக்கும் தடையை இந்த விற்பனை மீறியது என்று ஐ.நா. நிபுணர் குழுவே எழுதியது. கடைசியாகக் கைமாறிய தொகை சுமார் 15 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. அயர்லாந்துக்குக் கிடைத்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

இதில் வேடிக்கை, 2017 இறுதியில் அதே அயர்லாந்துக் கடற்படை ஐரோப்பிய ஒன்றியத்தின் சோஃபியா நடவடிக்கையில் சேர்ந்து லிபியக் கடலோரம் நின்றது. அந்த நடவடிக்கையின் வேலைகளில் ஒன்று, லிபியாவுக்கு ஆயுதம் போகாமல் பார்த்துக்கொள்வது!

விற்றாகிவிட்டது, அப்புறம் யார் கையில் போனால் எங்களுக்கென்ன என்று சொல்லிவிடலாம். ஆனால் மாற்று வழி அவர்களுக்கே தெரிந்திருந்தது. இதன் அக்கா ஈஃபாவை 2015-இல் மால்டாவுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். அரசு அரசுக்குக் கொடுத்தது, யார் ஓட்டுகிறார்கள், எதற்கு ஓட்டுகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஏலத்தில் கிடைத்த பணம் கடற்படையின் ஒரு மாத டீசலுக்குப் போதுமா என்பதே சந்தேகம். அந்தப் பணத்துக்காகக் காவல் கப்பலைச் சந்தையில் நிறுத்தியிருக்கவே வேண்டாம். 2022-இல் ஓய்வு பெற்ற எத்னே, ஓர்லா, கியாரா என்ற மூன்று கடற்படைக் கப்பல்களையும் அவர்கள் ஏலம் விடவில்லை, உடைக்க அனுப்பினார்கள். ஆஷ்லிங்குக்கு அந்த முடிவு ஐந்து ஆண்டு தாமதம்.

இப்படிக்கு,
துறைமுக ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற வாசகர்,
தூத்துக்குடி